தேத்தண்ணிக்கடைப் படையனுப்பிகள்

படையனுப்பி என்றோர் இனம் மட்டக்களப்பு வாவிக் கரையில் பரவலாகக் காணப்படுகிறது. காத்தான்குடியிலிருந்து கல்லாறு வரைக்கும் எந்தத் தேத்தண்ணிக்கடையிலும், எந்தச் சலூனிலும், காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் நீங்கள் அதைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆண். அறுபது வயதுக்கு மேல் நன்றாகச் செழிக்கும். உணவு பிளேன்ரீயும் உளுந்து வடையும். இரை, உலகத்தில் எங்காவது இருக்கும் ஒரு கொடுங்கோலன். அந்தக் கொடுங்கோலன் நாலாயிரம் மைலுக்குக் குறையாத தூரத்தில் இருப்பது உத்தமம். ஆபிரிக்காவாக இருந்தால் வலு திறம்.

வாசகரே, இந்த இனத்தை நீங்கள் சாதாரண அரசியல் கதைக்கிற ஆட்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அரசியல் கதைக்கிறவர் அரசாங்கத்தைத் திட்டுவார், அரிசி விலையைத் திட்டுவார், ரீயைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். படையனுப்பி போகமாட்டார். அவருக்கு அங்கே வேலை இருக்கிறது. இரண்டு தரைப்படைப் பிரிவுகளை எல்லை கடத்தி, ஒரு விமான நிலையத்தைப் பிடித்து, ஜனாதிபதி மாளிகையைச் சுற்றிவளைத்து, பொதுமக்களுக்குச் சேதமில்லாமல் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அவரால் எழும்ப முடியும். அதற்கிடையில் வீட்டிலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்திருக்கும். அதை எடுப்பாரா? போர்க்களத்தில் யார் தொலைபேசி எடுப்பது?

என்னை நீங்கள் நம்பலாம். நான் பெரியகல்லாற்றுக்குக் கொஞ்சம் இங்கால் உள்ள ஓர் ஊரின் வாவி மீனவர் சங்கத்தில் பன்னிரண்டு வருடமாகச் செயலாளர், கூட்டறிக்கை எழுதுகிறவன். கண்டதை மட்டும், கண்டபடி, நீல மையில் எழுதிப் பழகிய கை இது. ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சங்கத் தலைவர் வாசிக்கிற பழக்கம் உள்ளவர்.

எங்கள் ஊர்ப் படையனுப்பியின் பெயர் கனகசிங்கம். வயது அறுபத்தேழு. அரசாங்கக் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். தகப்பனின் தோணியும் தகப்பனின் அங்கத்துவமும் அவருக்கு வந்ததால் மீன்பிடித்து அறியாத மீனவர். உதயரூபனின் தேத்தண்ணிக்கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்து மரவாங்கு அவருடையது. அவர் வரமுன் வேறு யாரும் அதில் இருந்துவிட்டால் உதயரூபனே எழுப்பிவிடுவான், பாவம், எழுப்பாவிட்டால் பிறகு ஐந்து நிமிடம் அவர் நின்றபடியே அந்த வாங்கின்மீது படை நடத்துவார்.

போன மார்கழியில் அவருக்கு ஒரு நாடு கிடைத்தது. பெயரைக் கேட்காதீர்கள், கடையில் அதை ‘அந்த நாடு’ என்றுதான் சொல்வார்கள். அங்கே ஒருவர் முப்பத்தொரு வருடமாக ஜனாதிபதி. இந்த முறை தேர்தலில் தோற்றுவிட்டார். வாக்கை எண்ணியது பிழை என்றார், எண்ணியவர்களைப் பிடித்து அடைத்தார், அதைக் கேட்டு ஊர்வலம் போன பிள்ளைகளைச் சுடவும் செய்தார். சுற்றியுள்ள நாடுகள் கூடி, நீ இறங்கு, இல்லாவிட்டால் படையோடு வருவோம் என்றன. வரலாமா வரக்கூடாதா என்று உலகம் முழுக்கப் பேச்சு. எங்கள் கடையில் பேச்சு என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

கனகசிங்கம் கண்ணாடிப் பெட்டியின்மேல் வரைபடம் வைத்தார். பெரிய வடை தலைநகரம். சீனி போட்டுவைக்கிற தகரப்பேணி விமான நிலையம். பணிஸ் ரொட்டி இரண்டும் அயல்நாட்டுப் படைகள். ரீ சிந்திய ஈரம் ஒரு பெரிய ஆறு, அதன் பெயரையும் அவர் சொன்னார், சரியாகத்தான் இருக்கும்.

“நாம வடக்கால ஒரு பிரிவை இறக்கிற. கடலால ஒரு பிரிவு. விமான நிலையத்தப் பிடிச்சாச்செண்டா மூண்டு நாள் காணும். கூடினா நாலு.”

அந்த ‘நாம’வைக் கவனித்தீர்களா? ஒரு படையனுப்பியை இருட்டிலும் அடையாளம் காண அதுதான் வழி. அவருடைய பேத்தி பள்ளிக்கூட ஓட்டப்போட்டியில் வென்றால் ‘அவள் வெண்டுட்டாள்’ என்பார். நாலாயிரம் மைலுக்கு அப்பால் யாரோ ஒரு சிப்பாய் பாலத்தைப் பிடித்தால் ‘நாம பிடிச்சிட்டம்’ என்பார். மூன்று நாள் என்பதும் மாறாது. நான் அறிய அவர் நாலு நாடுகளுக்குப் படை அனுப்பியிருக்கிறார், எல்லாம் மூன்று நாள்தான். அவருடைய வீட்டுக் குசினிக் கூரையில் ஓடு மாற்ற மூன்று வருடம் எடுத்தது. அது வேறு கதை.

இந்த இனத்துக்கு இயற்கையான ஓர் எதிரி உண்டு. அதையும் சொல்லவேண்டும். காத்தான்குடிச் சரீப் செவ்வாயும் சனியும் மோட்டார் சைக்கிளின் பின்னால் புடவைப் பொதியோடு வருவார். சேலை, சாரம், பள்ளிக்கூடச் சீருடைத் துணி. ஒன்பது மணிக்கு முன் பெண்கள் புடவை பார்க்க வரமாட்டார்கள் என்பதால் எட்டு மணிக்கே வந்து கடையில் இருந்துகொள்வார். அவர் படையனுப்பக்கூடாது என்ற கட்சி. பிறத்தியார் வீட்டுக்குள் பிறத்தியார் கால் வைக்கக்கூடாது என்பது அவருடைய வாதம். அதைச் சொல்ல அவர் எங்கள் வாவியையே துணைக்கு எடுத்தார்.

மார்கழி மாதம் அல்லவா, வாவி முட்டி நின்றது. மழைகாலத்தில் ஆற்றுவாய் மணலால் மூடிக் கிடந்தால் வாவித் தண்ணீர் கடலுக்குப் போகாது. பள்ளத்து வீடுகளும் வயலும் தாழும். அப்போது மணல் திட்டை வெட்டிவிட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்காரருக்கும் வருடா வருடம் சண்டை. ஆகவே சரீப் சொன்னது எல்லாருக்கும் உடனே விளங்கியது.

“ஐயா, ஆத்துவாய வெட்டுறது மம்பட்டி வேல. நாலு பேர் காணும். வெட்டின பொறகு அது உங்கட சொல்லுக் கேக்குமா? ரெண்டு முழம் வெட்டுவீங்க, மறுகா பாத்தா இருநூறு முழம். உள்ள நிண்ட தண்ணியோட இறாலும் போயிரும், பொறகு கடல் உள்ளுக்கு வரும். வட்டை வயலுக்குள்ள உப்பேறினா ரெண்டு போகம் போச்சி. வெட்ட மம்பட்டி இரிக்கி. மூட மம்பட்டி இரிக்கா?”

“அப்ப வெட்டாம விடச் சொல்றியா, சரீப்? வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி நிக்கக்குள்ள இறால், உப்பு எண்டு பாத்துக்கொண்டு இரிக்கேலுமா? உள்ள கிடக்கிற சனம் என்ன செய்யிற?”

“சனம் தானா வெட்டணும். வெளியாள் வந்து வெட்டக்கூடா.”

“சனத்திட்ட மம்பட்டி இல்ல. அவன்தானே பறிச்சு வச்சிருக்கான்.”

இரண்டு பேரும் சொன்னது சரி. எனக்கு எரிச்சல் வந்ததும் அதனால்தான். ஒருவர் மடையர் என்றால் மற்றவர் பக்கம் சாய்ந்துவிட்டு ரீயைக் குடிக்கலாம். இப்படி இரண்டு பக்கமும் நியாயத்தை வைத்துக்கொண்டு இவர்கள் ஐந்து வாரம் அடித்துக்கொண்டார்கள், நாங்கள் ஐந்து வாரம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். நடுவில் ஒரு தடவை தலைநகரத்தை உதயரூபன் யாருக்கோ விற்றுவிட்டான். வேறு வடை வைக்கும்வரை யுத்தம் நின்றது.

அந்த உதயரூபன் ஒருநாள், கிளாஸ் கழுவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னான்:

“நமக்கும் ஒருக்கா வந்தாங்கதானே. சமாதானம் கொண்டு வாறம் எண்டு.”

 அமைதிப்படை என்று சொல்லிக்கொண்டு அயல்நாட்டுப் படை எங்கள் ஊருக்கே வந்த அந்த வருடம் அவனுக்கு ஒன்பது வயது. அந்தப் படை வந்ததையும் போனதையும் இடையில் நடந்ததையும் கண்ணால் கண்டவர்கள் கடையில் நாலு பேர் இருந்தார்கள். அந்த நாலு பேரும் ஐந்து வாரமும் இந்த விவாதத்தில் ஒரு சொல் பேசவில்லை என்பதை அப்போதுதான் நான் கவனித்தேன். கனகசிங்கமும் கண்டவர்தான். ஆனால் அவர் அப்போது கொழும்புக் கந்தோரில் இருந்தபடியால் பத்திரிகையில் கண்டவர்.

“அது வேற, இது வேற,” என்றார். மூன்று நிமிடத்தில் விமான நிலையம் மறுபடியும் விழுந்தது.

இனி படையனுப்பியின் வீட்டைக் கொஞ்சம் பார்ப்போம். கனகசிங்கத்தின் மனைவி புஸ்பம் அக்கா நல்ல மனிசி, குறை சொல்ல ஒன்றும் இல்லை. பக்கத்து வளவுக்காரனின் மாடு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து அவ போட்ட கீரைப்பாத்தியை நாலு தடவை தின்றது. ஒரு சொல் போய்ச் சொல்லுங்கள் என்று அவ நாலு தடவை கேட்டா. கனகசிங்கம் சொன்னது என்ன தெரியுமா? அயலவனோடு உறவு நுட்பமான கட்டத்தில் இருக்கிறதாம். கடைசியில் புஸ்பம் அக்காவே ஒரு கம்பை எடுத்துக்கொண்டு போய், மாட்டையும் கையோடு இழுத்துக்கொண்டு போய், அவனுடைய வாசலில் கட்டிவிட்டு வந்தா. மொத்தம் ஆறு நிமிடம். உயிர்ச்சேதம் இல்லை.

இப்போது எங்கள் சங்கத் தலைவர் யோகராசாவைப் பற்றி இரண்டு சொல். பத்தொன்பது வருடமாகத் தலைவர். நல்ல மனுசன் என்று எழுதிவிடுகிறேன். சாவு வீட்டுக்குக் கதிரையும் தகரப்பந்தலும் சங்கத்திலிருந்து உடனே அனுப்புவார். எஞ்சின் எண்ணெய்க்கும், மீன்வலையைப் பதிவதற்கும், பிள்ளையின் வங்கிக் கடிதத்துக்கும் அவருடைய கையெழுத்து வேண்டும். போடுவார், அன்றைக்கு உங்கள் முகம் அவருக்குப் பிடித்திருந்தால். தேர்தலும் வருடா வருடம் ஒழுங்காக நடக்கும். ‘நான் தொடர்ந்து இருக்கக்கூடாது என்கிறவர்கள் எழும்பி நிற்கவும்’ என்று அவரே கேட்பார். நூற்றிப் பதினாலு பேர் இருக்கிற கூட்டத்தில் முதலில் எழும்புகிறவன் யார்? ஏகமனதாகத் தெரிவு என்று நான் எழுதுவேன். பன்னிரண்டு தடவை எழுதியிருக்கிறேன், எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

இந்த யோகராசா போன வருடம் வதனியின் இடத்தை எடுத்தார்.

வதனி, சுதாகரனின் மனைவி. சுதாகரனுக்குப் பாலத்துக்குக் கீழ்ப்பக்கம், ஓட்டமான தண்ணியில், கம்பு நட்டு வலை கட்டும் இடம் சங்கத்தால் கொடுபட்டிருந்தது. இறால் தானாக வந்து விழும் இடம். அவன் சிறுநீரகம் பழுதாகி நாலு மாதம் ஆசுபத்திரியில் கிடந்து வைகாசியில் இறந்துபோனான். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரின் அங்கத்துவம் இல்லாமல் போகும் என்று சங்க யாப்பில், எங்கள் விதிப்புத்தகத்தில், இருக்கிறது. இரண்டு கூட்டத்துக்கு வராத காரணம், அவன் கட்டிலில் கிடந்தான். மூன்றாம் கூட்டத்துக்கு வராத காரணம், அவன் செத்துப் பதினொரு நாள் ஆகியிருந்தது. யாப்பில் அதற்கு விலக்கு இல்லை என்றார் தலைவர். அங்கத்துவம் போனால் இடமும் போகும். அந்த இடத்தில் இப்போது தலைவரின் மருமகனின் கம்பு நிற்கிறது.

வதனிக்கு மகள் ஒருத்தி, தனுஷியா, உயர்தரம் படிக்கிறாள். தாய் விடியற்காலையில் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அத்தாங்கு என்ற கைவலையால் இறால் வடிக்கிறாள். போன ஐப்பசியில் அதே கரையில் ஒரு முதலை மாட்டுக்கன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். பார்த்துப் போ புள்ள என்று எல்லாரும் அவளுக்குச் சொல்லியும் இருக்கிறோம்.

யாப்பில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. இறந்த அங்கத்தவரின் மனைவி வருடப் பொதுக்கூட்டத்துக்குக் கடிதம் கொடுக்கலாம். அங்கத்தவர் ஒருவர் எழும்பி அதை ஆமோதித்தால் கூட்டம் அதை விவாதித்து வாக்குக்கு விடத்தான் வேண்டும், தலைவர் தடுக்க முடியாது. ஒரே ஒருவர். ஒரே ஒரு சொல்.

தை மாதம் முதல் ஞாயிறு பொதுக்கூட்டம். அதற்கு முதல் நாள் சனிக்கிழமை காலை, வதனி இறால் வாளியைக் கடை வாசலில் வைத்துவிட்டு, ஈரச் சட்டையின்மேல் துவாயைப் போர்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். அன்று கனகசிங்கம் உச்சத்தில் இருந்தார். அயல்நாட்டுப் படைகள் எல்லையில் குவிந்துவிட்டன. கெடு மறுநாள் முடிகிறது.

“ஒரு ஆளாவது எழும்பி ‘போதும்’ எண்டு சொல்லோணும்,” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “உலகம் பாத்துக்கொண்டிருந்தா அவன் செய்யிறானோ செய்யிறான். கொடுங்கோலன வளக்கிறது அவன்ட துவக்கில்ல. பாத்துக்கொண்டு இரிக்கிற ஆக்கள்தான்.”

நல்ல பேச்சு. நானே தலையாட்டினேன்.

“மாமா,” என்றாள் வதனி. “நாளைக்கு என்ட கடிதம் வருகுது. நீங்க ஒருக்கா எழும்பி ஆமோதிக்கிறன் எண்டு சொன்னாக் காணும். உங்களுக்குத்தான் சட்டம் தெரியும். உங்கட சொல்ல அவரால தட்டேலா.”

கனகசிங்கம் பணிஸை எடுத்தார். எல்லையில் இருந்த படை அது. 

“புள்ள, இது அப்பிடி எடுத்தேன் கவிழ்த்தேன் எண்டு செய்யிற வேலையில்ல. சங்கத்தின்ட உள்விவகாரம். முதல்ல ஆளோட கதைக்கோணும். சூழ்நிலை பாக்கோணும்.”

“எட்டு மாசமா கதைச்சிட்டன் மாமா.”

“நான் ஆலோசகர் எண்டு முன்வரிசையில இரிக்கிற ஆள். நானே எழும்பினா ஒரு மாதிரி. பின்வரிசையில இருந்து ஒருத்தன் எழும்பினா அது திறம். இல்லியா சரீப்?”

சரீப் புடவைப் பொதியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எட்டு மணி இருபதுதான். கயிறு அவிழ்க்க நேரமாகவில்லை.

“நான் வெளியாள் தங்கச்சி,” என்றார். “உங்கட ஊருப் பிரச்சினைக்குள்ள நான் கதைக்கிற சரியில்ல. ஆனா ஐயா சொல்றது நாயம். பொறுமையா இரிக்கணும்.”

ஐந்து வாரத்தில் முதல்முறையாக இருவரும் ஒரே பக்கம்.  வதனி அவ்விடத்திலேயே நின்றாள். துவாயின் நுனியிலிருந்து வாவித் தண்ணீர் சீமெந்தில் சொட்டியது. உதயரூபன் ஒரு ரீயை ஊற்றி அவளுக்கு முன்னால் வைத்தான். அவன் சங்க அங்கத்தவன் இல்லை, அவனால் முடிந்தது அதுதான்.

“மாமா, ஒரு சொல்லுத்தானே,” என்றாள் அவள் மறுபடியும்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கனகசிங்கத்தால் அதைத் தாங்க முடியவில்லை.

“சரி புள்ள. நான் எழும்புறன். நீ யோசியாத போ.”

வதனி சிரித்தாள். சுதாகரன் செத்த பிறகு அவள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். ரீயைக் குடிக்காமலே வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிறு காலை பத்து மணி. சங்கக் கட்டடத்தில் நூற்றிப் பதினாலு கதிரை, நூற்று ஒன்பது பேர். முன்வரிசையில் மெத்தை வைத்த கதிரை ஒன்றில் கனகசிங்கம், வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் தொலைபேசி. பின்னால் சுவரோரம் வதனி, மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற ஒரே நல்ல சேலையில். மேடையில் தலைவர்; தலைவருக்குப் பக்கத்தில் கூட்டறிக்கைப் புத்தகத்தோடு நான்.

முதல் விடயம், வருடத்தில் இறந்தவர்களுக்கு மௌன அஞ்சலி. பெயர்களை நான் வாசித்தேன். சுதாகரனின் அங்கத்துவம் போய்விட்டபடியால் அவனுடைய பெயரை வாசிக்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. தலைவர் பெருந்தன்மையாக அனுமதித்தார். ‘முன்னாள் அங்கத்தவர்’ என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். நூற்று ஒன்பது பேரும் எழும்பி இரண்டு நிமிடம் நின்றார்கள். எழும்பி நிற்பது எங்கள் அங்கத்தவர்களின் உடம்புக்கு முடியாத காரியம் என்று யாரும் சொல்லாதிருக்க இதை எழுதிவைக்கிறேன்.

ஆறாவது விடயம் வதனியின் கடிதம். நான் அதை வாசித்தேன். பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து. தனுஷியா எழுதியிருக்க வேண்டும். ‘என் கணவர் மூன்றாம் கூட்டத்துக்கு வராததற்காகச் சபையோரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி இருந்தது.  தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தை வாசித்தேன்.

யோகராசா எழும்பினார். ஒருநாளும் சத்தம் போடாதவர்.

“தங்கச்சியின்ட கடிதத்தக் கேட்டீங்க. எனக்கும் கவலைதான், நான் என்ன கல்லா? ஆனா யாப்பெண்டு ஒண்டு கிடக்குதானே. ஆமோதிக்கிற ஆக்கள் ஆராவது இரிக்கீங்களா?”

கேட்டுவிட்டு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துச் சிரித்தார். அவர் பார்த்த வரிசையெல்லாம் தலையைக் குனிந்து தரையில் எதையோ தேடியது. கடைசியாக முன்வரிசைக்கு வந்தார். கனகசிங்கத்தின் கதிரை கிறீச் என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், மனுசன் எழும்பத்தான் பார்த்தார்; இரண்டு கையும் கதிரைக் கையில் ஊன்றியாயிற்று, நாலு விரல்கடை உயரம் எழும்பியும் ஆயிற்று. நூற்று எட்டுப் பேரும் அந்த நாலு விரல்கடையைப் பார்த்தோம். 

அப்போது அவருடைய சட்டைப்பை மணியடித்தது.

செய்தி வந்தால் அடிக்கும் மணி. அவர் அதே உயரத்தில் நின்றபடி எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நிமிர்ந்து முழு உயரத்துக்கும் எழும்பினார்.

“ஆள் ஓடிட்டான்,” என்றார். “படை எல்லைய ஏழு மணித்தியாலத்துக்கு முந்தித் தாண்டினது. ஆள் பிளேன் ஏறிட்டான். முப்பத்தொரு வருசம். முடிஞ்சுது.”

கட்டடம் கலகலத்தது. ஐந்து வாரமாகக் கழுத்து வலித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவன் கைதட்டினான், பிறகு ஒரு வரிசை, பிறகு எல்லாரும். யோகராசா ஒரு கணம் தன் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு யார் ஓடியது என்று விளங்கியதும் அவரும் கைதட்டினார். நல்ல தலைவர் கூட்டத்தின் மனதை அறிவார். உடனே அவரே பிரேரித்தார்: முப்பத்தொரு வருடக் கொடுங்கோலிலிருந்து விடுதலை பெற்ற அந்த நாட்டு மக்களுக்கு எமது வாவி மீனவர் சங்கம் தனது பாராட்டைத் தெரிவிக்கிறது.

“ஆமோதிக்கிறன்,” என்றார் கனகசிங்கம். குரல் கணீரென்று சுவரில் பட்டுத் திரும்பியது. அவரோடு இன்னும் முப்பது நாற்பது பேர் எழும்பி ஆமோதித்தார்கள். எல்லாப் பெயரையும் எழுத எனக்கு ஒன்றரைப் பக்கம் போனது.

கூட்டம் முடிந்து பணிஸும் ரீயும் கொடுத்தார்கள். வதனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. கனகசிங்கத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மாமா,” என்றாள். “அந்தப் படை திரும்பிப் போகக்குள்ள இந்தப் பக்கத்தால வருமா?”

கனகசிங்கம் வாயிலிருந்த பணிஸை விழுங்கினார். கேள்வியை உண்மையாகவே யோசித்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இல்ல புள்ள,” என்றார். “அவங்கட பாதை வேற.”

அவள் தலையாட்டிவிட்டு என் மேசைக்கு வந்து கடிதத்தைத் திருப்பிக் கேட்டாள். கொடுத்தேன். அதை நாலாக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்விட்டாள். மறுநாள் விடிய அதே கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள் என்று கேள்வி.

அந்த நாட்டில் அந்த ஆள் ஓடிய பிறகு என்ன நடந்தது, ஆற்றுவாயை மூட யாரிடமாவது மம்பட்டி இருந்ததா, சனம் நிம்மதியாக இருக்கிறதா? கடையில் யாருக்கும் தெரியாது. அடுத்த கிழமையே கனகசிங்கத்துக்கு வேறொரு நாடு கிடைத்துவிட்டது. அதற்கும் மூன்று நாள்தான்.

வாசகரே, கனகசிங்கத்தின்மேல் உங்களுக்கு இப்போது நல்ல கோபம் இருக்கும். யோகராசாவின்மேலும் இருக்கும். சரீப்பின்மேல் கொஞ்சம். இருக்கட்டும். ஆனால் ஒரு கணக்கை நீங்கள் விட்டுவிட்டீர்கள். நூற்று ஒன்பது பேரில் நானும் ஒருவன். செயலாளருக்கும் ஆமோதிக்க உரிமை உண்டு என்று யாப்பில் எட்டாம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரதியை என் கையால்தான் எழுதினேன். யோகராசா கேட்டபோது என் கையில் பேனை இருந்தது. ஆறாவது விடயத்துக்கு நேரே, ‘ஆமோதிப்பார் இல்லாமையால் கைவிடப்பட்டது’ என்று அழகாக எழுதி அடியில் கோடும் கீறினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை எழுதக் கூட்டறிக்கையில் பகுதி இல்லாதபடியால் இங்கே எழுதுகிறேன், அதுவும் ஊரின் பெயரைச் சொல்லாமல்.

வருகிற தை முதல் ஞாயிறு பத்து மணிக்கு மறுபடியும் பொதுக்கூட்டம். வதனி அதே கடிதத்தைத் திரும்பவும் தந்திருக்கிறாள், மடிப்புக்கூடக் கலையவில்லை. வாருங்கள் என்று உங்களை அழைத்திருப்பேன். ஆனால் நீங்கள் வெளியாள், பிறத்தியார் ஊர் உள்விவகாரத்தில் தலையிடுவது சரியில்லை என்று உங்களுக்கும் தோன்றும்.

அது போகட்டும். உங்கள் ஊர்ச் சங்கத்தில் கூட்டம் எப்போது?